ரோமச் சட்டத்தில் நிலமும் சொத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமச் சட்டத்தின் சொத்துப் பகுதிக்கு வந்ததும் மாணவர்கள் திணறுவது வழக்கம். லத்தீன் பெயர்கள் வரிசைகட்டி வருகின்றன. எந்தப் பிரிவு யாருடைய வாழ்க்கையைத் தொட்டது என்பது மட்டும் பிடிபடுவதில்லை. பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் பிரிவு ஒன்று, பேரரசின் பெரும்பாலான விவசாயிகளைப் பிழிந்த பிரிவு வேறு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தானாகவே இடம் பிடித்து உட்கார்ந்துவிடும்.

இதற்கெல்லாம் ஆதாரம் எந்த நூல்?

முதன்மையானது, கி.பி. 160ஐ ஒட்டி காயுஸ் எழுதிய ‘இன்ஸ்டிட்யூட்ஸ்’ என்ற பாடநூல். காயுஸ் என்ற ஒற்றைப் பெயரைத் தவிர இந்த ஆசிரியரைப் பற்றி உறுதியாக எதுவும் தெரியாது. நூலும் ஏறத்தாழ முழுமையாகத் தொலைந்துபோயிருந்தது. 1816இல் நீபூர் என்ற ஜெர்மானிய வரலாற்றாசிரியர் வெரோனா நகரின் தேவாலய நூலகத்தில் ஒரு தோல் ஏட்டைப் புரட்டியபோது, புனித ஜெரோமின் கடிதங்களுக்கு அடியில் சுரண்டி அழிக்கப்பட்ட எழுத்துகள் தெரிந்தன. அதுதான் காயுஸ். அதற்கு முன் அறிஞர்களிடம் இருந்தது பேரரசர் ஜஸ்டீனியன் 533இல் வெளியிட்ட தொகுப்புகள். அவற்றிலோ பழைய பிரிவுகள் பலவும் நீக்கப்பட்டிருந்தன. இவற்றோடு, கி.மு. 451-450இல் இயற்றப்பட்டதாக மரபு சொல்லும், ரோமின் முதல் எழுத்துச் சட்டமான பன்னிரண்டு பலகைகளின் துணுக்குகள், நில அளவையாளர்களின் கையேடுகள், கல்வெட்டுகள் ஆகியவையும் உண்டு.

முதல் பிரிவு அசையும் சொத்து, அசையாச் சொத்து என்பதுதானே?

இல்லை. இன்றைய சட்டத்தில் முதலில் நிற்கும் அந்தப் பிரிவு ரோமில் இரண்டாம் வரிசைதான். காயுஸ் கேட்கும் முதல் கேள்வி, இது தெய்வத்துக்கு உரியதா, மனிதருக்கு உரியதா என்பது.

தெய்வத்துக்கு உரியவற்றில் மூன்று வகை. மேலுலகத் தெய்வங்களுக்கு ரோம மக்களின் அதிகாரத்தால் அர்ப்பணிக்கப்பட்டவை ‘ரெஸ் சாக்ரே’. கோயில்கள் இதில் அடக்கம். ஒரு தனி மனிதன் தன் தோட்டத்தில் ஒரு சன்னதி கட்டிக்கொண்டு இது புனிதம் என்று அறிவித்தால் செல்லாது. முறைப்படி அர்ப்பணித்த கோயில் இடிந்து தரைமட்டமானாலோ, அந்த மனை புனிதமாகவே நீடிக்கும். இறந்தோரின் ஆவிகளுக்கு விடப்பட்டவை ‘ரெஸ் ரெலிகியோசே’. மூன்றாவது வகை ‘ரெஸ் சாங்க்டே’, நகரின் மதில்களும் வாயில்களும். மதிலை ஏறிக் குதிப்பது மரண தண்டனைக்கு உரிய குற்றம். ரோமை நிறுவிய ரோமுலுஸின் உடன்பிறந்தவன் ரெமுஸ் மதிலைத் தாண்ட முயன்று கொல்லப்பட்ட கதையை பொம்போனியுஸ் என்ற சட்ட அறிஞர் இதற்கு முன்னுதாரணமாகவே எடுத்துக்காட்டுகிறார்.

இந்த மூன்றையும் வாங்கவோ விற்கவோ முடியாது. அவற்றுக்கு உரிமையாளர் என்று எவரும் இல்லை.

ஒரு பிணத்தைப் புதைத்தால் அந்த இடம் விற்பனைக்கு அப்பாற்பட்டதாகிவிடுமா?

ஆம். கோயிலுக்கு அரசின் ஒப்புதல் வேண்டும், கல்லறைக்கு வேண்டாம். தன் சொந்த நிலத்தில், புதைக்கும் கடமை உள்ளவர் ஒரு சடலத்தைப் புதைத்ததும் அந்த இடம் ‘ரெலிகியோசுஸ்’ ஆகிறது. அடிமையின் உடலைப் புதைத்தாலும் இதே விளைவுதான். உயிரோடிருந்தவரை அவனைப் பொருளாகவே பார்த்த சட்டம், அவன் கல்லறையை மட்டும் எவரும் தொடக்கூடாது என்றது.

உடல் கிடக்கும் இடம்வரைதான் இந்தத் தன்மை. தோட்டம் முழுவதற்கும் அது பரவுவதில்லை. உடல் இல்லாத நினைவு மண்டபத்துக்கும் இது கிடையாது என்று இணைப் பேரரசர்கள் மார்க்குஸ் அவுரேலியுஸும் லூசியுஸ் வேருஸும் கூட்டாகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்தவன் நிலத்தில் அனுமதியில்லாமல் ஒருவன் புதைத்துவிட்டால் நிலக்காரன் என்ன செய்வது? தானாகத் தோண்டி எடுக்க முடியாது. குருமார் குழுவின் ஆணையோ பேரரசரின் உத்தரவோ வேண்டும். புதைத்தவன்மேல் வழக்குப் போடலாம்.

நகருக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்று பன்னிரண்டு பலகைகள் தடுத்ததால் கல்லறைகள் சாலையோரங்களுக்குப் போயின. ரோமிலிருந்து தெற்கே போகும் அப்பியச் சாலையின் இருபுறமும் அவை இன்றும் நிற்கின்றன. கல்லறைக் கல்வெட்டுகளைப் படித்தால் பாதி இரங்கற்பா, பாதி சொத்துப் பத்திரம். சாலையோர அகலம் இத்தனை அடி, உள்நோக்கிய நீளம் இத்தனை அடி என்று அளவு பொறித்திருப்பார்கள். கீழே ‘எச். எம். எச். என். எஸ்.’ என்று ஐந்து எழுத்துகள்: இந்தக் கல்லறை வாரிசைச் சேராது என்பதன் சுருக்கம். தோட்டத்தை வாரிசு விற்றுவிட்டு, வாங்கியவன் தன் ஆட்களை அதே கல்லறையில் புதைத்துவிடுவானோ என்ற பயம் அதில் தெரிகிறது. மீறினால் அரசுக் கருவூலத்துக்கோ குருமார் குழுவுக்கோ இவ்வளவு அபராதம் என்று தொகையோடு எழுதியவர்களும் உண்டு.

‘பொது’ என்றால் அரசின் சொத்து என்று பொருளா?

பொதுப் பொருள்கள் எவருடைய சொத்துமல்ல, மக்கள் தொகுதிக்கு உரியவை என்கிறார் காயுஸ். ஜஸ்டீனியனின் நூல் இதை மேலும் பிரிக்கிறது. காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை மனிதர் எல்லோருக்கும் பொது. வற்றாத ஆறுகளும் துறைமுகங்களும் ரோம மக்களுக்குப் பொது. நாடக அரங்கும் ஓட்டப் பந்தயத் திடலும் அந்தந்த நகரத்துக்கு உரியவை.

கடற்கரை எதுவரை? குளிர்காலத்தின் மிகப் பெரிய அலை ஏறும் இடம்வரை. அங்கே யாரும் வலை உலர்த்தலாம், குடிசை போடலாம். குடிசை நிற்கும்வரை அந்த இடம் போட்டவனுடையது. விழுந்துவிட்டால் மறுபடியும் எல்லோருக்கும். ஆனால் கரையோரம் முழுக்கச் செல்வந்தர்களின் மாளிகைகள் இருந்தன. தகராறு வராமல் இருக்குமா? ஃபோர்மியே பகுதி மீனவர்களுக்கு அந்தோனினுஸ் பியுஸ் பேரரசர் எழுதிய பதில் நமக்குக் கிடைத்திருக்கிறது: மீன்பிடிக்கக் கரைக்கு வருவதை எவரும் தடுக்கக்கூடாது, மாளிகைகளையும் கட்டடங்களையும் விட்டு விலகியிருக்க வேண்டும். இரு தரப்பையும் சமாதானப்படுத்தப் பார்க்கும் பதில்தான். கரையே ரோம மக்களின் சொத்து என்று வாதிட்ட கெல்சுஸ் போன்ற அறிஞர்களும் இருந்தார்கள். இந்தக் கருத்து வேறுபாடு கடைசிவரை தீரவில்லை.

‘ரெஸ் மான்சிபி’ என்பது என்ன? அதில் யானை ஏன் சேரவில்லை?

தனியார் சொத்துக்குள் வரும் பழைய பிரிவு இது. இத்தாலிய மண்ணில் உள்ள நிலமும் வீடும், அடிமைகள், ஏர் இழுக்கும் அல்லது பாரம் சுமக்கும் மாடு, குதிரை, கோவேறு கழுதை, கழுதை, அவற்றோடு வயல்வழிகளும் நீர் கொண்டுபோகும் உரிமையும் ரெஸ் மான்சிபி. இவற்றைக் கைமாற்ற ஒரு சடங்கு கட்டாயம். மற்ற எல்லாம், பொன்னும் முத்தும் பணமும் உட்பட, ‘நெக் மான்சிபி’. கையில் கொடுத்தாலே உரிமை மாறிவிடும்.

பட்டியலைப் பார்த்தாலே யாருடையது என்று தெரிந்துவிடுகிறது. ஒரு சிறு விவசாயக் குடும்பம் பிழைப்பதற்கு வேண்டிய நிலம், உழைக்கும் உடல்கள், போகும் பாதை. பெட்டி நிறையப் பொன் வைத்திருந்தாலும் இந்தக் கணக்கில் அது ஒரு கழுதைக்கு ஈடாகாது. அந்த உழைக்கும் உடல்களில் மனிதர்களும் அடங்குவர் என்பதை எந்த எழுத்தாளரும் ஒரு கணம் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை.

யானையும் ஒட்டகமும் பாரம் சுமந்தாலும் நெக் மான்சிபிதான். பட்டியல் உருவான காலத்தில் அந்த விலங்குகளைப் பற்றிய அறிவே இருக்கவில்லை என்று காயுஸ் காரணம் சொல்கிறார். ரோமர்கள் யானையை முதலில் எதிர்கொண்டது கி.மு. 280இல், கிரேக்க அரசன் பிர்ருஸ் தென் இத்தாலியில் படையோடு இறங்கியபோது. பட்டியல் அதற்கு முந்தையது. அதைப் புதுப்பிக்க எவருக்கும் தோன்றவில்லை. ஆனால் கன்றுக்குட்டி பிறந்ததுமே ரெஸ் மான்சிபியா, நுகத்தடிக்குப் பழகிய பிறகா என்று சபினியர், புரோக்குலியர் என்ற இரு சட்டப் பள்ளிகள் விடாமல் சண்டை போட்டன.

அந்தச் சடங்கு எப்படி நடக்கும்?

பெயர் ‘மான்சிபேஷியோ’. பருவமடைந்த ரோமக் குடிமக்கள் ஐந்து பேர் சாட்சி நிற்பார்கள். ஆறாவதாக ஒருவர் வெண்கலத் தராசைப் பிடித்திருப்பார். வாங்குபவர் விற்பனைக்கு வந்த அடிமையைக் கையால் பற்றிக்கொண்டு, “குவிரீட்டியர் சட்டப்படி இந்த ஆள் என்னுடையவன் என்கிறேன், இந்த வெண்கலத்தாலும் வெண்கலத் தராசாலும் இவன் எனக்கு வாங்கப்பட்டவன் ஆகட்டும்” என்பார். குவிரீட்டியர் என்பது ரோமக் குடிமக்களின் பழைய பெயர். பிறகு ஒரு வெண்கலத் துண்டால் தராசைத் தட்டி, விலை கொடுப்பதுபோல் அதை விற்பவரிடம் நீட்டுவார். நாணயம் தோன்றுமுன் வெண்கலத்தை உண்மையாகவே நிறுத்து விலை கொடுத்த காலத்தின் மிச்சம் இது. அசையும் பொருளென்றால் அந்த இடத்தில் இருந்தாக வேண்டும். நிலத்தை நேரில் போய்ப் பார்க்காமலே மாற்றிக் கொடுக்கலாம்.

மாற்றுவழி ஒன்றும் உண்டு. வாங்குபவர் நீதி அதிகாரியான பிரீட்டர் முன் போய் “இது என்னுடையது” என்று வழக்காடுவதுபோல் நடிப்பார். விற்பவர் வாய் திறக்க மாட்டார். பிரீட்டர் சொத்தை வாங்குபவருக்கே என்று ஒப்படைத்துவிடுவார்.

சடங்கு செய்யாமல் சும்மா ஒப்படைத்துவிட்டால் வாங்கியவன் கதி?

பணம் கொடுத்தாயிற்று, நிலம் கையில் வந்தாயிற்று, உழுதும் ஆயிற்று. ஆனால் சட்டப்படி உரிமை இன்னும் விற்றவனிடமே. இங்கேதான் நேர்மையற்ற விற்பனையாளன் கைவரிசையைக் காட்டலாம்: சடங்கு நடக்கவில்லையே, நிலத்தைத் திருப்பிக் கொடு என்று.

பிரீட்டர்கள் இதற்கு இடம் கொடுக்கவில்லை. விற்றவன் வழக்குப் போட்டால் வாங்கியவனுக்கு எதிர்வாதம் தந்தார்கள். மூன்றாவது ஆள் நிலத்தைப் பறித்துக்கொண்டால் ‘புப்ளிசியானா’ என்ற வழக்கு உதவியது; வாங்கியவன் அனுபவ காலத்தை ஏற்கெனவே முடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு நீதிபதி தீர்ப்பளிக்க வேண்டும் என்பது அதன் உத்தி. நிலமானால் 2 ஆண்டு, மற்றவை 1 ஆண்டு அனுபவித்தால் முழு உரிமை வந்துவிடும் என்பது பன்னிரண்டு பலகைகளின் விதி. அந்த இடைக்காலத்தில் ஒரே நிலத்துக்கு இரண்டு உரிமையாளர்கள்: ஒருவனிடம் பெயர், மற்றவனிடம் விளைச்சல். இதை ஓர் ஒட்டுவேலை என்று குறைசொல்வோர் உண்டு. பழைய சட்டத்தின் ஒரு வரியையும் அழிக்காமல் அதன் பல்லைப் பிடுங்கிய வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பேரரசின் மற்ற பகுதிகளிலும் இதே விதிகளா?

இதுதான் முக்கியமான கேள்வி. பாடநூல்கள் இரண்டு வரியில் கடந்துபோகும் கேள்வியும் இதுதான். இத்தாலிக்கு வெளியே, மாகாணங்களின் மண்ணில் மேற்சொன்ன உரிமை எதுவும் கிடையாது. மாகாண நிலத்தின் உடைமை ரோம மக்களிடமோ பேரரசரிடமோ இருக்கிறது, நமக்கு இருப்பது சுவாதீனமும் பலன் அனுபவிக்கும் உரிமையும் மட்டுமே என்று காயுஸ் தெளிவாக எழுதுகிறார். எகிப்திலோ சிரியாவிலோ கௌலிலோ (இன்றைய பிரான்ஸ் பகுதி) ஏழு தலைமுறையாக உழுத குடும்பமும் கோட்பாட்டின்படி பிறர் நிலத்தில் இருப்பதாகவே கணக்கு. மான்சிபேஷியோ செல்லாது. 2 ஆண்டு அனுபவ விதி செல்லாது. உடலைப் புதைத்தால்கூட அந்த இடம் முறைப்படி ரெலிகியோசுஸ் ஆகாது. அப்படி ஆனதாகக் கருதப்படும், அவ்வளவே.

நடைமுறையில் மாகாணத்தவர் விற்றார்கள், வாங்கினார்கள், பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றார்கள். நல்லெண்ணத்தோடு நீண்ட காலம் அனுபவித்தவரை அசைக்க முடியாது என்ற பாதுகாப்பும் பிறகு வந்தது. இரு தரப்பும் ஒரே பகுதியில் வசித்தால் 10 ஆண்டு, இல்லையென்றால் 20. சட்டக் கேள்விக்குப் பேரரசர் தரப்பில் கி.பி. 199இல் எழுதிய பதில் ஒன்றில் இந்த விதி தென்படுகிறது.

அப்படியானால் கோட்பாடு வெறும் ஏட்டுச் சுரைக்காயா? இல்லை. அதன் பயன் வரியில் இருந்தது. உடைமை எங்களுடையது, ஆகவே விளைச்சலில் பங்கு கொடு என்று கேட்க அது வசதி. ரோம மக்களுக்கு உரியவை என்று செனட் சபையின் பொறுப்பில் விட்ட மாகாணங்களில் உள்ள நிலத்துக்கு ‘ஸ்டிபெண்டியாரியா’ என்றும், பேரரசரின் மாகாணங்களில் உள்ளதற்கு ‘திரிபுட்டாரியா’ என்றும் பெயர். மாசிடோனியாவை வென்ற பிறகு கி.மு. 167 முதல் ரோமக் குடிமக்களிடம் இத்தாலியில் நேரடி வரி வாங்குவது நின்றுபோயிற்று. பேரரசர் டையோக்ளீஷியன் காலத்தில் நிலவரி இத்தாலிக்கும் வரும்வரை, ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டு, மாகாணம் செலுத்தியது, இத்தாலி செலுத்தவில்லை. எனக்கு இதைவிடப் பெரிய நில வகைப்பாடு ரோமச் சட்டத்தில் தெரியவில்லை.

மாகாண நகரம் இதிலிருந்து தப்ப வழியே இல்லையா?

பேரரசரின் தயவு ஒன்றே வழி. ‘இத்தாலிய உரிமை’ என்ற சலுகை கிடைத்தால் அந்த நகரத்தின் மண் இத்தாலிய மண்ணாகவே கருதப்படும், வரியும் இல்லை. பெய்ரூட், கார்தேஜ், லெப்டிஸ் மாக்னா, தீரு ஆகிய நகரங்களுக்கு அது கிடைத்தது. தீரு நகரம் இந்தச் சலுகையைப் பெற்றதை எழுதும்போது சட்ட அறிஞர் உல்பியான், இது என் சொந்த ஊர் என்று சொல்லி அதன் பழம்பெருமையை அடுக்கத் தொடங்கிவிடுகிறார். உணர்ச்சிக்கு இடம் கொடாத சட்டத் தொகுப்பில் இப்படி ஓர் ஊர்ப்பாசம்.

வரிக்காக நிலத்தை எப்படி ரகம் பிரித்தார்கள்?

அதே உல்பியான் கணக்கெடுப்புப் படிவத்தின் விவரத்தைத் தந்திருக்கிறார். நிலத்தின் பெயர், எந்த நகரம், எந்த வட்டாரம், அருகிலுள்ள இரண்டு அண்டை நிலக்காரர்கள். பிறகு, அடுத்த பத்தாண்டில் விதைக்கக்கூடிய வயல் எத்தனை யூகெரம். திராட்சைத் தோட்டமென்றால் எத்தனை கொடிகள். ஒலிவமென்றால் எத்தனை யூகெரம், எத்தனை மரங்கள். புல்வெளி, மேய்ச்சல், வெட்டு மரக்காடு, மீன் குளம், உப்பளம். மதிப்பையும் சொந்தக்காரரே போட வேண்டும். கொடி பட்டுப்போயிருந்தால் கணக்கிலிருந்து கழிக்கலாம். மரத்தைத் தானே வெட்டியிருந்தால் கணக்கெடுப்பு அதிகாரியிடம் காரணம் சொல்லியாக வேண்டும். வரி குறையட்டும் என்று தோப்பை அழித்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு வரியே போதும்.

ஒரு யூகெரம் என்பது 240 அடிக்கு 120 அடி, இன்றைய கணக்கில் கால் ஹெக்டேர். டான்யூப் ஆற்றை ஒட்டிய பன்னோனியா மாகாணத்தில் முதல் தர வயல், இரண்டாம் தர வயல், புல்வெளி, ஓக் கொட்டை உதிரும் காடு, சாதாரணக் காடு, மேய்ச்சல் என்று தரத்துக்கொரு விகிதம் இருந்ததாக நில அளவை நூல் ஒன்று குறிப்பிடுகிறது. ஓக் காடு தனி ரகமானது பன்றி மேய்ச்சலுக்காக. டையோக்ளீஷியன் காலத்துச் சீர்திருத்தத்தைப் பற்றிச் சிரியாவில் கிடைத்த சட்டநூலில் 5 யூகெரம் திராட்சை, 20 யூகெரம் முதல் தர வயல், 40 யூகெரம் இரண்டாம் தரம், 60 யூகெரம் மூன்றாம் தரம் ஆகியவை ஒரே வரி அலகாக நிற்கின்றன.

‘அகெர் புப்ளிகுஸ்’ நிலத்துக்கு ஏன் அத்தனை ரத்தம் சிந்தியது?

போரில் தோற்ற இத்தாலிய ஊர்களிடமிருந்து பறித்த நிலத்தில் ஒரு பகுதி விற்கப்பட்டது. ஒரு பகுதி குடியேறியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. மீதம் ரோம மக்களின் பொது நிலமாகக் கிடந்தது. கிடந்ததை வசதியுள்ளவர்கள் வளைத்துப் போட்டார்கள். ஒருவர் 500 யூகெரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று கி.மு. 367இலேயே சட்டம் வந்ததாக மரபு, மதித்தவர்கள் குறைவு. கி.மு. 133இல் மக்கள் பிரதிநிதியான திபேரியுஸ் கிராக்குஸ் அந்த உச்சவரம்பைத் தூசி தட்டி எடுத்தார். மிஞ்சிய நிலத்தை ஏழைகளுக்குப் பிரிக்கத் தானும் தம்பியும் மாமனாரும் அடங்கிய மூவர் குழுவை அமைத்தார்.

சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருந்தது; பொது நிலத்தில் எவருக்கும் உடைமை இல்லை. ஆனால் வளைத்தவர்கள் தலைமுறைகளாக அதில் வீடு கட்டியிருந்தார்கள், கொடி நட்டிருந்தார்கள், பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்திருந்தார்கள். எங்கள் முன்னோரின் கல்லறைகள் இந்த மண்ணில்தானே இருக்கின்றன என்று அவர்கள் முறையிட்டதாக வரலாற்றாசிரியர் அப்பியான் எழுதுகிறார். அதே ஆண்டு திபேரியுஸ் அடித்தே கொல்லப்பட்டார். கி.மு. 111இல் வந்த நிலச் சட்டம் அப்படிப்பட்ட நிலங்களில் பெரும்பகுதியைத் தனியார் சொத்தாகவே ஆக்கிவிட்டது. அது பொறிக்கப்பட்ட வெண்கலப் பலகையின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

நில அளவையாளர்கள் பிரித்தது வேறு வகையா?

ஆம், அவர்கள் பார்த்தது எல்லையை. கோடு போட்டுப் பிரித்து வழங்கிய நிலம், சுற்றளவு மட்டும் அளந்த நிலம், அளக்காமல் ஆறு, மலை, மரம், பாதை ஆகியவற்றையே எல்லையாகக் கொண்ட நிலம் என்று மூன்று. முதல் வகையில் ‘குரோமா’ என்ற குறுக்குச் சட்டக் கருவியால் நேர்கோடுகள் பிடித்து, பக்கம் 2400 அடி கொண்ட சதுரங்களாக வெட்டினார்கள். ஒரு சதுரம் 200 யூகெரம். வட இத்தாலியில் போ ஆற்றுச் சமவெளியை வானிலிருந்து பார்த்தால் அந்தச் சதுரங்கள் இன்றும் தெரிகின்றன. பிரான்சின் ஒராஞ்ச் நகரில் கி.பி. 77இல் பேரரசர் வெஸ்பாசியன் ஆணையால் சலவைக்கல்லில் வெட்டிய நிலப் பதிவேடும் துண்டு துண்டாகக் கிடைத்திருக்கிறது.

சதுரம் போட்டால் ஓரங்களில் துண்டு நிலம் மிஞ்சும். அந்தச் ‘சுப்செசிவா’ நிலங்களைப் பக்கத்துக்காரர்கள் சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். வெஸ்பாசியன் அவை அரசுக்கே என்று பிடுங்கி விற்கத் தொடங்க, இத்தாலி முழுவதும் கொந்தளித்தது. கொடுங்கோலன் என்று பெயரெடுத்த அவர் மகன் டோமிஷியன்தான் வைத்திருப்பவர்களுக்கே அவற்றை விட்டுக் கொடுத்தார்.

எல்லைக்கல் நடுவதிலும் சூட்சுமம் உண்டு. கல்லுக்கு அடியில் கரி, உடைந்த பானை ஓடு, எலும்பு என்று எதையாவது போட்டுப் புதைப்பார்கள். பின்னால் யாராவது கல்லை நகர்த்தினாலும் தோண்டிப் பார்த்தால் பழைய இடம் தெரிந்துவிடும். எல்லைக்கல்லை உழுது பெயர்த்தவனும் அவன் மாடுகளும் தெய்வத்தின் சாபத்துக்கு ஆளாவார்கள் என்பது ரோமின் ஆதி அரசர்களில் ஒருவனான நூமா பெயரால் வழங்கிய பழைய விதி. மாடு என்ன பாவம் செய்தது என்று தெரியவில்லை.

ஆறு கரையைத் தின்றால், அல்லது புது மண் சேர்த்தால்?

கண்ணுக்குத் தெரியாமல் சிறுகச் சிறுகச் சேரும் வண்டல் கரை நிலக்காரருக்குச் சொந்தம். வெள்ளம் ஒரு துண்டை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து ஒட்டினால் அது பழைய உரிமையாளருடையது. அதிலுள்ள மரங்கள் புது மண்ணில் வேர்விட்டுவிட்டால் கதை மாறும். ஆற்று நடுவில் தீவு எழுந்தால் இரு கரையாரும் நடுக்கோட்டால் பிரித்துக்கொள்வார்கள்.

ஆனால் அளவையாளர் சதுரம் போட்டு வழங்கிய நிலத்துக்கு வண்டல் உரிமை கிடையாது. அதன் அளவு பதிவேட்டில் உறைந்துவிட்டது. ஆறு கொடுத்தாலும் ஏற்க முடியாது. ஆற்றையே எல்லையாகக் கொண்ட நிலத்துக்குத்தான் அந்த லாபமும் நட்டமும்.

அடுத்தவன் மனையில் கட்டிய வீடு யாருக்கு?

மண்ணுக்கு உடையவனுக்கு. அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த ரோமிலும் மாடியைத் தனியாக விற்க முடியாது. திருடிய உத்தரத்தை வைத்துக் கட்டியிருந்தாலும் வீட்டைப் பிரிக்கக் கூடாது. இரட்டிப்பு விலை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நிலம் இல்லாத உழவர்களுக்கு என்ன உரிமை இருந்தது?

சாதாரணக் குத்தகைக்காரனுக்கு நிலத்தின்மேல் உரிமை இல்லை; ஒப்பந்தம் மட்டுமே. பேரரசரின் ஆப்பிரிக்கப் பண்ணைகளில் நிலைமை சற்று வேறு. இன்றைய துனிசியாவில் கிடைத்த கல்வெட்டுகளின்படி, ‘லெக்ஸ் மான்சியானா’ என்ற விதியின் கீழ் உழவர்கள் பெரும்பாலான விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு வாரம் கொடுத்தார்கள். பேரரசர் கொம்மோடுஸ் காலத்தில் புருனிட்டானுஸ் பண்ணை உழவர்கள் பேரரசருக்கே மனு எழுதினார்கள். விதிப்படி ஆண்டுக்கு உழவுக்கு 2 நாள், களைக்கு 2 நாள், அறுவடைக்கு 2 நாள்தான் இலவச உழைப்பு. பண்ணை முழுவதையும் குத்தகைக்கு எடுத்த பெருங்குத்தகைக்காரர் அதற்கு மேல் பிழிகிறார், கேட்டால் படைவீரர்களை வைத்து அடிக்கிறார்கள் என்று. பேரரசர் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். உழவர்கள் அந்தப் பதிலைக் கல்லில் வெட்டி நட்டுவைத்தார்கள்; அடுத்த குத்தகைக்காரருக்கும் காட்ட வேண்டுமே.

பிற்காலத்தில் ‘எம்ஃபிட்யூசிஸ்’ என்ற நிரந்தரக் குத்தகை வளர்ந்தது. இது விற்பனையா, வாடகையா என்று அறிஞர்கள் மோதிக்கொண்டிருக்க, இரண்டும் இல்லை, இது தனி ரகம் என்று 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேரரசர் சீனோ முடித்துவைத்தார். 3 ஆண்டு குத்தகை பாக்கி வைத்தால் உரிமை போய்விடும் என்பது ஜஸ்டீனியன் விதி.

பழைய பிரிவுகள் எப்போது ஒழிந்தன?

530, 531ஆம் ஆண்டுகளில் ஜஸ்டீனியன் அவற்றை வெளிப்படையாகவே துடைத்தெறிந்தார். இரட்டை உரிமை போயிற்று. ரெஸ் மான்சிபி போயிற்று. இத்தாலிய மண், மாகாண மண் வேறுபாடும் போயிற்று. நிலத்துக்கு எங்கும் 10 அல்லது 20 ஆண்டு அனுபவம், அசையும் பொருளுக்கு 3 ஆண்டு. தாராள மனம் என்று சொல்ல மாட்டேன். எல்லா மண்ணும் வரி கட்டத் தொடங்கி இரண்டு நூற்றாண்டு ஆகியிருந்தது. வேறுபாட்டைக் காப்பதில் எவருக்கும் லாபம் இல்லை.

இன்று இவை எங்கேனும் வழக்கில் உள்ளனவா?

இலங்கையில் உண்டு. கடலோரப் பகுதிகளை 1796 வரை ஆண்ட டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற ரோம-டச்சுச் சட்டம் அங்கே பொதுச் சட்டமாக நீடிக்கிறது. பக்கத்து வளவின் ஊடாகப் போகும் வழியுரிமை, நீர் வடிய விடும் உரிமை முதலிய வழக்குகளில் ரோமப் பாகுபாடுகள் அங்கே பேசப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை என்ற தமிழர் வழக்கச் சட்டம் முன்னால் நிற்கும். அது பேசாத இடத்தில் ரோம-டச்சுச் சட்டம் வரும். அனுபவ உரிமைக்கு மட்டும் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10 ஆண்டு விதிதான்.

இந்தியாவில் நேரடி வழியாக வரவில்லை. ஆனால் இமாசலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு விடுதிக்கு வன நிலம் குத்தகைக்கு விடப்பட்ட வழக்கில், காற்று, ஓடும் நீர், கடற்கரை எல்லோருக்கும் பொது என்ற ரோமக் கருத்திலிருந்து தொடங்கியே உச்ச நீதிமன்றம், இயற்கை வளங்களை மக்களுக்காகக் காக்கும் பொறுப்பாளர்தான் அரசு என்ற ‘பொது நம்பிக்கை’ கோட்பாட்டை விளக்கியது. எம். சி. மேத்தா எதிர் கமல்நாத் என்ற அந்த வழக்கின் தீர்ப்பு 1996 டிசம்பரில் வந்தது. குத்தகை ரத்தாயிற்று. கெடுத்த சுற்றுச்சூழலைச் சீர்செய்யும் செலவும் விடுதியின் தலையில் விழுந்தது.